கண்ணாடி அலமாரி முகமூடிகள்

மாற்றலாகி அந்தத் தீயணைப்பு நிலையத்துக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு பிற்பகலில். வண்டி ஓட்டும் வேலை. கொட்டகைக்குள் கால் வைத்ததுமே கருகிய ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. எங்கேயோ டயர் எரிகிறது என்று நினைத்தேன். மற்றவர்கள் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. பழகிவிட்டது போலும்.

அலுவலக அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே புத்தம் புதிய புகை முகமூடிகள், உறைகூடப் பிரிக்காமல். நாங்கள் மாட்டிக்கொண்டு நெருப்புக்குள் போகிறவையோ சைக்கிள் டியூப் மாதிரி ஒட்டுப் போட்டவை. புதியவை எதற்கு என்று கேட்டேன். மேலதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது காட்டுவதற்காம். இந்தக் கூத்து எல்லா நிலையத்திலும் உண்டு என்பதால் ஆச்சரியம் இல்லை. வயிறுதான் எரிந்தது.

ஒட்டுப் போட்ட முகமூடியோடு கிடங்குத் தீ ஒன்றுக்குள் போனவர்தான் நெட்டை. நான் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு. உயரத்துக்காக வைத்த பெயர். ஏணி இல்லாமலே வண்டியின் மேல்தட்டைத் துடைப்பாராம். புகை கசிந்து, உள்ளேயே செத்துப்போனார். முகமூடியை அவனே கழற்றிவிட்டான், சொந்த அலட்சியம் என்று விசாரணையில் எங்கள் நிலைய அதிகாரி கூசாமல் சொன்னார். பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு உண்டான பென்ஷன் அத்தோடு போயிற்று. இப்போது குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

நெட்டையின் மனைவியை நிலையத்தில் எல்லோரும் அண்ணி என்றே அழைத்தார்கள். சாமான் கட்ட உதவப் போனேன். இரண்டு பெண் பிள்ளைகளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். போக்கிடம் இல்லை. அண்ணி குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஸ்டேஷன்லயும் அந்த வாடை வருதா?"

வருகிறது என்றேன்.

"இங்கயும் வருது. அவருக்குக் கோவம் இன்னும் அடங்கல."

மறுநாள் காலை ஆய்வு. வெயில் சுள்ளென்று அடித்தது. பயிற்சிக்கென்று பின்புறம் கட்டியிருந்த அறையில் புகை மூட்டினோம். மேலதிகாரிகள் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் முன்னால் பேர் வாங்க, உள்ளே போக அதிகாரியே கிளம்பினார். காற்று சிலிண்டரை முதுகில் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து புது முகமூடியை எடுத்து மாட்டினார். வார்களை நான்தான் இறுக்கினேன். காற்று கசிகிறதா என்று உள்ளங்கையால் அடைத்துச் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை.

கதவு மூடியது.

வாக்கி டாக்கியில் அவர் மூச்சு சீராகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் மூச்சு கேட்டது.

"எவன்யா என் பின்னால வர்றது?"

நாங்கள் எல்லோரும் வெளியே நின்றிருந்தோம்.

"மாஸ்க்குக்குள்ள புகை வருது. ரப்பர் நாத்தம். கழட்ட முடியல... யாரோ வாரைப் புடிச்சிருக்கான்."

ஓடிப்போய்க் கதவை இழுத்தோம். தாழ்ப்பாளே இல்லாத கதவு. அசையவில்லை. கைப்பிடி தொட முடியாமல் சுட்டது. பயிற்சிப் புகைக்கு அவ்வளவு சூடு கிடையாது.

அப்போது இன்னொரு குரல் வந்தது. ரொம்ப மரியாதையாக.

"சொல்லுங்கய்யா. நானாவா கழட்டினேன்?"

பக்கத்தில் நின்ற பழைய ஆட்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

"இல்ல... நீ கழட்டல. மாஸ்க் ஓட்டை. புதுசு இருந்தும் நான்தான் கொடுக்கல." மூச்சு இழுத்தது. "விட்டுடுப்பா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

மேலதிகாரிகள் எழுந்து நின்றார்கள். ஒரு சொல் விடாமல் அவர்கள் காதிலும் விழுந்தது.

"எனக்கும் இருக்குங்கய்யா."

பிறகு இருமல் மட்டும்.

அதுவும் நின்றது.

கதவு தானே திறந்தது. அதிகாரி மண்டியிட்டபடி செத்திருந்தார். வார்கள் நான் இறுக்கியபடியே இருந்தன. சிலிண்டரில் காற்று இருந்தது. முகமூடியின் உட்புறம் முழுக்கக் கரி. எனக்குப் பாவமாக இல்லை. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

அண்ணிக்குப் பென்ஷன் வந்தது. கட்டிய மூட்டைகளை அவர் அவிழ்த்தார். நல்ல முகமூடிகள் எங்கள் கைக்கு வந்தன. வாடையும் ஒருவழியாக ஓய்ந்தது. நெட்டை போய்விட்டார் என்றே நினைத்தோம்.

புதிய அதிகாரி வந்த கையோடு, கடை ஒன்றில் புகை என்று அழைப்பு வந்தது. வண்டியை நிறுத்தினேன். ஆட்கள் முகமூடி மாட்டத் தொடங்கினார்கள். சின்னப் புகைதான், அதெல்லாம் வேண்டாம், அப்படியே உள்ளே ஓடுங்கள் என்று அவர் விரட்டினார்.

யாரும் நகரவில்லை. கருகிய ரப்பர் வாடை எங்களுக்கு வந்துவிட்டது.

அவர் இருமினார். இரண்டு கைகளையும் பின்தலைக்குக் கொண்டுபோய், எதையோ பிய்க்கப் பார்த்தார்.

"யாருப்பா அது, வாரை இறுக்குறது?"

அவர் முகத்தில் முகமூடியே இல்லை.