சரிபார்த்த பிறகு

நிறுத்தி வைத்திருந்த இயந்திரம் ஓர் எண்ணை மாற்றியிருந்தது. அது எப்படி என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியிடம், இல்லாத கேமராவை இருப்பதாக நம்பவைக்கும் டிரைவர் நிரல் எழுதுவது அவன் வேலை. அந்த உள்கணினி தரவின் நீளத்தைச் சொல்லும். ஒதுக்கிய இடத்தில் அது அடங்குமா என்று டிரைவர் சரிபார்த்துவிட்டு எடுக்கும். அடங்காததை எடுத்தால் வழிந்துபோய் பக்கத்து நினைவகத்தை நாசமாக்கிவிடும். இன்று, பார்க்கும்போது சிறிதாக இருந்த நீளம் எடுக்கும்போது பெரிதாகியிருந்தது. உள்கணினியையோ அவன் மதியமே நிறுத்தியிருந்தான்.

தொலைபேசியில் குழுத்தலைவி சலித்துக்கொண்டாள்.

"ஏன் ரெண்டாவது தடவையும் அங்கேயே போய் நீளத்தைப் படிக்கிற? ஒரே தடவை நகல் எடு. நகலைச் சரிபாரு, அதையே பயன்படுத்து. நீ பாத்ததுதான் கைக்கு வரும்னு யார் சொன்னா?"

நாளைக்குச் சரிசெய்வதாக மழுப்பினான். நாளை என்று ஒன்று இல்லாவிட்டால் அவன் பிழைப்பு என்றைக்கோ நாறியிருக்கும்.

மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வெளியே மழை, மாலையிலேயே வீடு இருட்டிக் கிடந்தது. கணினி விசிறியின் இரைச்சலுக்கு அடியில், மகளின் அறையிலிருந்து கட்டில் முனகும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"அப்பா, தூக்கு."

சோதனைக்காக அந்த அறையில் வைத்திருந்த கேமராவின் காட்சியைத் திரையில் பார்த்தான். மஞ்சள் போர்வை, கலைந்த முடி, அவன் நான்கு வயது மகள். நிம்மதியாக எழுந்து போனான். நடைவிளக்கு எரியவில்லை. இருட்டில் கை நீட்டினான்; சூடான உடம்பு ஒன்று தோளில் தொற்றிக்கொண்டது. தட்டிக்கொடுத்தபடியே மேசைக்குத் திரும்பினான்.

அவள் கழுத்தில் எப்போதும் இருக்கும் சோப்பு வாசனை இல்லை. சூடேறிய தூசியின் நெடி.

திரையைப் பார்த்தான்.

மஞ்சள் போர்வை. கலைந்த முடி. போர்வை மெல்ல ஏறி இறங்கியது.

தோளைப் பார்க்கத் துணிவில்லை. இடுப்பில் இடித்த பாதங்கள் இப்போது முழங்காலில் இடித்தன. பிறகு கணுக்காலில். கழுத்தைச் சுற்றிய கைகள் இன்னொரு சுற்றுச் சுற்றின. கத்த மூச்சு இல்லை.

பாதங்கள் தரையைத் தொட்டன.

திரையில் மகள் கண்விழித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, தூக்கு."

"இதோ வர்றேன்டா" என்றது தோளில் இருந்தது, அவன் குரலில். அவனையும் சுமந்துகொண்டு நடக்கத் தொடங்கியது.