அண்ணன் பூட்டிய சீட்

2011-இல் தானே புயல் அடித்ததற்கு முந்தின மாதம். செம்மங்குப்பத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பகல் மூன்று மணிதான். ஆனாலும் வானம் மூடிக்கொண்டு விளக்கு வைக்கிற நேரம்போல இருந்தது. தொழிற்சாலைகளின் மருந்து வாடை மழைக் காற்றில் தரையோடு படிந்து கிடந்தது. பஸ் கம்பெனியின் பழைய ஷெட் வாசலில் மச்சான் கொளஞ்சியப்பன் சாவியோடு நின்றான்.

"வா மாப்ள. வண்டிய ஒடச்சி வித்துடப் போறாங்க. சீட்டயெல்லாம் இன்னிக்கே கழட்டணுமாம். தனியாளா முடியாது."

தனியாளாக முடியாதாம்! ஒரு பஸ்ஸின் சீட்டையெல்லாம் ஒரே பகலில் ஒண்டியாகக் கழற்றுகிற ஆள் அவன். உள்ளே போகப் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கொளஞ்சி என் மனைவி எழிலரசியின் அண்ணன். நாங்கள் இருவரும் கடலூரில் ஒரே தனியார் பஸ் கம்பெனியில் ஃபிட்டர்களாக இருந்தோம். 2009 தை மாதம் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த ரகப் பஸ்களில் சீட்டைத் தரையோடு பிடிக்கிற போல்ட்டுகள் சரியில்லை, பிரேக்கை அழுத்திப் போட்டால் முறிந்துவிடும், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று பஸ்ஸுக்குப் பாடி கட்டியவர்களே எழுதி, புதுப் போல்ட்டுகளையும் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தார்கள். தைப்பூசத்துக்கு வடலூர் ஸ்பெஷல் விட வேண்டும். கிடைத்தது இரண்டே நாள். ரெண்டு பேர் சீட்டுப் பக்கம் நான், மூணு பேர் சீட்டுப் பக்கம் கொளஞ்சி என்று பிரித்துக்கொண்டோம்.

மாற்றிய போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்ட் வைக்க வேண்டும். வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுப்பேன். கொளஞ்சி பிரஷ்ஷைத் தொடவே மாட்டான். டப்பாவுக்குள் விரலை விட்டுப் பொட்டு வைத்துக்கொண்டே போவான். "சாமிக்கு வக்கிறியா மச்சான்?" என்று நான் கேலி செய்வேன்.

எழிலரசி சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் போல்ட்டு மாற்றிய பஸ்களில் ஒன்றில்தான் தினமும் போவாள். போல்ட்டு மாற்றிய பிறகு முதல்நாள் ஏறும்போது, "எந்தப் பக்கம் மாமா உக்காரட்டும்?" என்று கேட்டாள்.

"எம்பக்கம் உக்காரு."

"ஐய, எங்கண்ணன் பூட்டுனதுதான் கெட்டி." சிரித்துக்கொண்டே மூணு பேர் சீட்டுப் பக்கம் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அதுவே அவள் இடமாகிவிட்டது.

மாசி மாதம் ஆலப்பாக்கம் வளைவில் ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். பஸ்ஸில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அந்த மூன்றாவது வரிசை சீட் மட்டும் பெயர்ந்து பறந்தது. எழிலரசி அங்கேயே போய்விட்டாள்.

அந்த வரிசையில் பழைய போல்ட்டுகளே இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. "அந்த வரிசைய மாப்ளதாங்க போட்டாரு. நான் டீ குடிக்கப் போயிருந்தேன்" என்று கொளஞ்சி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். எனக்கு அப்படி ஒரு நினைவும் இல்லை. ஆனால் தூக்கமில்லாமல் வேலை பார்த்த இரண்டு நாட்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த வேளை. நான்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. வேலை போனது பெரிதில்லை. என் மகள் ரேகாவை மாமியார் இருசம்மாள் சிதம்பரத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். பார்க்கப் போனால் ரேகா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எங்கம்மாவ நீதான கொன்ன?" என்று கேட்பாள். ஒன்பது வயது. அந்தப் பஸ்ஸை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அன்று பார்த்தேன்.

கொளஞ்சி கதவை இழுத்தான். உள்ளே பூஞ்சை பிடித்த ரெக்சின் நாற்றம், எலி நாற்றம். தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தரையில் விரல் கனத்துக்குப் புழுதி. அதில் ஒரு காலடிகூட இல்லை. நான் முன்னால் போனேன். இரண்டு வரிசை தாண்டியதும் வேறொரு வாசனை வந்தது.

ஸ்பிரிட்.

ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் நனைத்துத் துடைப்பார்களே, அந்த வாசனை. வேலை முடிந்து வரும் எழிலரசியின் கைகளில் தினமும் அதுதான் இருக்கும்.

மூன்றாவது வரிசை சீட் அதன் இடத்தில் நேராக நின்றது.

"இத நான் அன்னிக்கே பின்னாடி தூக்கிப் போட்டிருந்தனே..." என்றான் கொளஞ்சி.

குனிந்து பார்த்தேன். முறிந்த போல்ட்டுகளின் தலைகள் சீட்டுக் கால்களிலேயே துருவோடு ஒட்டி நின்றன. சுற்றிலும் புழுதி. அந்த நான்கு தலைகள் மட்டும் துடைத்துச் சுத்தமாக, ஈரமாக இருந்தன. பக்கத்தில் அழுக்கேறிய ஒரு பஞ்சு உருண்டை.

நான்கிலும் மஞ்சள் பொட்டு.

கோடு இல்லை. பொட்டு. ஒன்றில் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"மச்சான்," என்றேன். "இது உன் வெரலு."

அவன் பொட்டைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"துரு ஏறி கழலவே இல்ல மாப்ள. வெல்டிங் வச்சி அறுத்தாதான் வரும். காலைல வண்டி எடுக்கணும்னு மொதலாளி நிக்கிறாரு. ஒரு வரிசதான, பூசம் முடிஞ்சி மாத்திக்கலாம்னு..." சீட்டிலிருந்து ஓரடி பின்னால் போனான். "நம்ம எழிலு அதுல உக்காரும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

வேறு யாருடைய தங்கையாவது உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை போலிருக்கிறது! அவன் குரல்வளையைப் பிடிக்கத்தான் எழுந்தேன். பிடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். இரண்டரை வருஷத்துக்கு மேலாகச் சோறு பிசையும்போதெல்லாம் இந்தக் கைதானே என்று என் கையையே வெறுத்திருக்கிறேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருக்கிறான். எனக்கு இதைப்போல ஒரு துரோகத்தை எதிரிகூடச் செய்ததில்லை.

"அழுது என்னா ஆவப் போவுது. தூக்கு மாப்ள, எடுத்துப் போட்டுட்டுப் போவோம்" என்று அவன் சீட்டைப் பிடித்தான்.

அசையவில்லை.

நானும் பிடித்தேன். இரண்டு பேர் பலத்துக்கும் நூலளவு நகரவில்லை. சீட்டுக் காலுக்கும் தரைக்கும் நடுவே ஸ்பேனரை நுழைத்துப் பார்த்தேன். தடையில்லாமல் அந்தப் பக்கம் வந்தது. சீட்டைத் தரையோடு பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை.

ஜன்னலோரத்திலிருந்து மெல்லிய சிரிப்பு.

"எங்கண்ணன் பூட்டுனதுதான் மாமா கெட்டி."

எப்படி வெளியே வந்தோம் என்று தெரியாது. மழையில் நனைந்துகொண்டு கொளஞ்சி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"இப்பவே செலம்பரம் போவலாம் வா. அம்மாகிட்ட, ரேகாகிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கறேன். எங்கொழந்தைங்க மேல சத்தியம்."

வந்த முதல் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். நான் ரெண்டு பேர் சீட்டில் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து ஜன்னலோரம் காலி. கொளஞ்சி எதிர்ப்பக்கம் மூணு பேர் சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். வண்டியில் கூட்டம். பத்துப் பேருக்கு மேல் நின்றுகொண்டு வந்தார்கள். ஆனால் அந்தச் சீட்டில் அவனோடு யாரும் உட்காரவில்லை.

எனக்கு ரேகாவின் முகம்தான் நினைவில் ஓடியது. இன்றைக்காவது கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவாள்.

டிக்கெட் வாங்கியதும் கொளஞ்சி முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெளியே கொஞ்சம் பார்த்தான். பிறகு பக்கத்துக் காலி இடத்தில் கையூன்றி என் பக்கம் சாய்ந்தான்.

"மாப்ள... அம்மாவுக்கு வயசாயிடுச்சி. இதக் கேட்டா தாங்காது. ரேகாவும் இப்ப எங்க வூட்லயே பழகிட்டா. நீ போட்டதாவே இருந்துட்டுப் போவட்டுமே. உனக்கு இனிமே என்னா கெட்டுடப் போவுது?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் ஸ்பிரிட் வாசனை வந்தது.

என் சீட்டின் கீழே போல்ட்டுகள் நான்கும் துடைத்துப் பளிச்சென்று ஈரமாக இருந்தன. முன் சீட்டிலும் அப்படியே. பின் சீட்டிலும். நிற்கிறவர்களின் கால்களுக்கிடையே கண்ணுக்கு எட்டிய எல்லாச் சீட்டிலும் அப்படியே.

கொளஞ்சியின் சீட்டுக்குக் கீழே மட்டும் துரு.

துருவின்மேல் நான்கு மஞ்சள் பொட்டு. பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஒன்று மெல்ல வழிந்து தரைக்கு வந்துகொண்டிருந்தது.

"மச்சான், எந்திரிச்சி இந்தப் பக்கம் வந்துடு" என்று சொல்ல வாயெடுத்தேன்.

கண்ணாடிக்கு அப்பால், மழையில், ஆலப்பாக்கம் வளைவு தெரிந்தது.

நான் சொல்லவில்லை.

எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஜன்னலோரத்து ரெக்சின், யாரோ உட்கார்ந்ததுபோல மெதுவாக அமுங்கியது.