இடது தட்டு

ஒளிரக்கூடாத தட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து, ஜன்னலே இல்லாத நுண்ணோக்கி அறையில், ஸ்பிரிட் வாடைக்கும் குளிர்பெட்டியின் முனகலுக்கும் நடுவே சீனியர் செய்ய வந்தது ஒன்றும் புண்ணிய காரியமல்ல. இரண்டு தட்டுகளின் மூடிகளை மாற்றிவைப்பதுதான். சீனியர் என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். உடம்புக்குள் நுழைந்த எதிரியைக் கரைக்கும் ஒரு நொதியின் மரபணுவை எட்டு வருஷமாகத் துரத்தியதில் அவளுக்கு நரைதான் மிச்சம். நேற்று வந்த ஜூனியர் சிட்டுவோ மூன்றே மாதத்தில் அதைப் படியெடுத்து, பச்சையாய் ஒளிரும் புரதம் ஒன்றைக் கோத்து, வெள்ளை அணுக்களுக்குள் புகுத்தியும் விட்டாள்.

மருந்து விட்டுச் சீண்டினால் அணுக்கள் பச்சையாய் ஒளிரும். சும்மா விட்டால் இருட்டு. வலது தட்டு சீண்டியது, இடது சீண்டாதது. நாளைக் காலை புரொபசர் பார்த்துவிட்டு, கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று முடிவு சொல்வார். அடையாளத்தைத் தட்டில் எழுதாமல் மூடியில் எழுதுவது சிட்டுவின் கெட்ட பழக்கம். முதல் நாளே கண்டித்திருக்கலாம். சீனியருக்கு அன்றைக்கு ஏனோ வாய் வரவில்லை.

இரண்டு மூடிகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றுமுன் ஒருமுறை பார்ப்போமே என்றுதான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். இடது தட்டு பச்சை.

அணுக்கள் யாருடையவை என்பது அப்போதுதான் உறைத்தது. "ஒரே ஒரு ஊசிக்கா, கொசு கடிச்ச மாதிரிதான்" என்று போன வாரம் சிட்டு கொஞ்சி வாங்கிய ரத்தம், சீனியருடையது.

'சிட்டு கைராசிக்காரிப்பா' என்று புரொபசர் சிரித்தது நினைவுக்கு வந்தது. பச்சை பளீரென்றது. பக்கத்து அணுக்கள் கரைந்தன. வீட்டில் ஊறப்போட்ட துணிகளை நினைத்தாள். மங்கியது. மறுபடி சிட்டு.

பளீர்.

கதவு திறந்து மூடியது.

"அக்கா! லீவுநாள்லயும் இங்கதானா? அண்ணன் பாவம், உங்க முகமே மறந்துடப் போறாரு." சிட்டுதான். கையிலிருந்த மூடிகளைச் சீனியர் முந்தானைக்குள் மறைத்தாள். "உங்களைத்தான் தேடினேன். சார்கிட்ட பேசிட்டேன். உங்க பேருதான் முதல்ல. எட்டு வருஷம் சும்மாவா?"

இதோடு அணைந்திருக்க வேண்டும்.

இவள் போடும் பிச்சையா?

சிட்டு உரிமையோடு அவள் கையைப் பற்றிக்கொண்டு, குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். "ஐயோ, இடது ஏன்க்கா இப்படி எரியுது?"

சீனியர் தன் முழங்கை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்திய இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. மரபணுவைத் தட்டில்தானே புகுத்தினார்கள். உடம்பில் இல்லையே. புள்ளி நீண்டது. நரம்பு நரம்பாக. மணிக்கட்டு. உள்ளங்கை.

"அக்கா, உங்க கை ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?"

சீனியரின் கை உலர்ந்துதான் இருந்தது. சிட்டுவின் விரல்கள்தான் மெழுகாக உருகி, அவள் விரலிடுக்கு வழியே சொட்டிக்கொண்டிருந்தன. சிட்டு இன்னும் நிமிரவில்லை. விட்டுவிடத்தான் நினைத்தாள் சீனியர்.

கை இன்னும் இறுக்கிப் பிடித்தது.