அவியாத கடலை

கொண்டைக்கடலை கொதிக்கத் தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. கஜந்தினி அகப்பையால் ஒன்றை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக் கடித்தாள். பல் நொந்தது.

விறகைத் தள்ளி எரித்தாள். இன்னும் தண்ணீர் விட்டாள். மறுபடியும் கடித்தாள். அதே கல். வாயில் இருந்ததை முற்றத்தில் எறிந்தாள். கோழி ஓடி வந்து கொத்திப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போனது.

நாளை வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் பள்ளிக்கூடத்தில் பூசை நடக்கும். ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிள்ளை கடலை அவித்துக் கொண்டுவர வேண்டும். நாளை கஜந்தினியின் முறை. தானே அவிப்பதாக அம்மாவிடம் வீராப்பாகச் சொல்லியிருந்தாள்.

போன வெள்ளி தயாளினியின் முறை. 

தயாளினி சாவகச்சேரியிலிருந்து இந்த ஊருக்குப் புதிதாக வந்தவள். அவள் கொண்டுவந்த கடலையில் தேங்காய்ச் சொட்டு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் இருந்தன. வாசம் நன்றாகவே இருந்தது. ஆனால் கடலை அவியவில்லை.

"இது கடலை இல்லை, போளை. ஆர் விளையாட வாறியள்?" என்று கேட்டு, கஜந்தினி ஒன்றைக் கோலிக்குண்டு போல நிலத்தில் வைத்துச் சுண்டினாள். வகுப்பே சிரித்தது. பிரகலாதனும் மற்றப் பையன்களும் வரிசையாகக் கடலையைச் சுண்டி விளையாடினார்கள்.  தயாளினி மிச்சத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் யாரோடும் கதைப்பதில்லை.

மருதனார்மடத்தில் தையல் வேலை முடித்து வந்த அம்மா, பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எந்தத் தண்ணியிலை அவிச்சனி?"

"எங்கடை கிணத்துத் தண்ணியிலை."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம், எவ்வளவு விறகு எரித்தாலும் அந்தத் தண்ணீரில் கடலை அவியாது என்றார். வைரவர் கோயில் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதனால்தான் நீலப் பிளாஸ்ரிக் கானில் அங்கிருந்து அள்ளி வருகிறார்கள். அது குடிப்பதற்கு மட்டும் என்று கஜந்தினி இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"சமைக்கிற ஆக்கள் எல்லாருக்கும் தெரியும், பிள்ளை. வெளியிலை இருந்து வந்த ஆக்களுக்குத்தான் தெரியாது."

அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். கஜந்தினியின் காதுகள் சூடாகின.

வீட்டில் இன்னும் ஒரு சுண்டு கடலை இருந்தது. கோயில் தண்ணீரில் ஊறப்போட்டால் விடிய அவிக்கலாம் என்றார் அம்மா. கஜந்தினி கானைச் சைக்கிளில் கட்டினாள். யாருக்கும் சொல்லாமல், அவியாத கடலையில் ஒரு பிடியைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டாள்.

தயாளினியின் வீடு கோயிலுக்குப் போகும் வழியில் இருந்தது. கஜந்தினி அதைத் தாண்டிப் போனாள். நாளை தன் கடலை பஞ்சுபோல இருக்கும். எல்லாரும் புகழ்வார்கள். அப்போது தயாளினி முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

சைக்கிளைத் திருப்பினாள்.

தயாளினி முற்றத்தில் சப்பாத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டும் எழும்பவில்லை. கஜந்தினி கிண்ணத்தை நீட்டினாள்.

"நான் அவிச்சது. கடிச்சுப் பார்."

தயாளினி ஒன்றை விரலால் அமத்திப் பார்த்தாள். கடிக்கத் தேவை இருக்கவில்லை.

"இஞ்சத்தைத் தண்ணியிலை ஆர் அவிச்சாலும் இப்பிடித்தான். கோயில் கிணத்துத் தண்ணி வேணும். எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்," என்றாள் கஜந்தினி.  "நான் அண்டைக்குச் சொன்னது பிழை. நாளைக்கு வகுப்பிலையும் சொல்லுறன்."

தயாளினி அந்தக் கடலையைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டாள்.

"உன்ரை கடலை அவிஞ்சிருந்தால் வந்திருப்பியோ?"

ஓம் என்று சொல்லத்தான் ஆசை. கஜந்தினி நிலத்தைப் பார்த்தாள்.

"மாட்டன்."

தயாளினி எழுந்து வீட்டுக்குள் போனாள். அவ்வளவுதான் என்று நினைத்துக் கஜந்தினி சைக்கிளைத் திருப்பியபோது, அவள் ஒரு வெறுங்கானோடு வெளியே வந்தாள்.

"கிணத்தைக் காட்டு. அம்மா இஞ்சை வந்த நாளிலை இருந்து பருப்போடை சண்டை பிடிக்கிறா."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்தது. கஜந்தினி வகுப்பின் முன்னால் நின்று, அவியாத கடலையைக் கையில் வைத்துக் காட்டினாள். தண்ணீரின் கதையைச் சொன்னாள். தயாளினியில் ஒரு பிழையும் இல்லை, தானும் இப்படித்தான் அவித்ததாகச் சொன்னாள். பிரகலாதன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.  கஜந்தினி தலை குனிந்து நின்றாள்.

பின்னால் யாரோ எழும்ப, வாங்கு அசையும் சத்தம் கேட்டது. தயாளினி முன்னால் வந்து, கோயில் தண்ணீரில் அவித்த கடலை இருந்த சட்டியைத் திறந்து, கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"சிரிச்சது காணும். கையை நீட்டுங்கோ."