ஒரு தூண்டில், ஒரு கத்தி, ஒரு பல் டாக்டர்

டெலிபோன் அலறியது.

வெர்லின் ஹாஸ்கெட் கதையின் உச்சக்கட்டத்தில் இருந்தார். ராட்சதச் சூரை மீன் தூண்டிலைக் கவ்வி, ரீல் கதறி, அவர் முட்டி போட்டு இழுக்கும் இடம்...

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், மணிச் சத்தம் கேட்டதும் ஜாமீன் கிடைத்த கைதியைப் போல வேலியைத் தாண்டி மறைந்தார்.

ஹாஸ்கெட், சான் டியகோவில் கொலை வழக்குகளைத் துப்பறிந்து ஓய்வு பெற்றவர். அவரால் தீர்க்க முடியாத வழக்கு ஒன்றே ஒன்றுதான்.

அவருடைய சொந்த வழக்கு!

போனில் கேப்டன் மட்ரூகா. பயணிகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு அழைத்துப் போகும் 'எஸ்ட்ரெலா' படகின் சொந்தக்காரர்.

"நாளைக்குக் காலையில, படகு கிளம்பறதுக்கு முன்னால நீங்க கேட்ட விசாரணையை முடிச்சிடலாம் சார். டாக்டர் ஸ்டேப்லியும் வர்றார். உங்க தடயத்தை எடுத்துட்டு வாங்க."

ஹாஸ்கெட்டின் மீசை துடித்தது.

தடயம் தயாராகவே இருந்தது. பிளாஸ்டிக் உறையில் ஒரு முழம் தூண்டில் நரம்பு. அதன் நுனி பிய்ந்திருக்கவில்லை. மீன் கடித்த தடம் இல்லை. நேர்க்கோடாக, சுத்தமாக...

கத்தி வெட்டு!

சம்பவம் நடந்தது போன வருடம், மெக்சிகோ பக்கத்துக் கடலில். ஹாஸ்கெட்டின் நரம்பு திடீரென விறைத்தது. மீன் மாட்டினால் அது போகிற பக்கமெல்லாம் ஓடவேண்டும், மற்றவர்கள் தங்கள் கம்பைத் தூக்கி வழிவிட வேண்டும் என்பது அந்தப் படகுகளின் எழுதாத சட்டம். ஆனால் இந்த மீன் எங்கும் ஓடவில்லை. படகுக்கு அடியிலேயே நின்று மல்லுக்கட்டியது. அவர் இழுத்தால் அதுவும் இழுத்தது. அவர் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்றது. இவ்வளவு அறிவுள்ள மீனை அவர் கண்டதில்லை. திருமணம் செய்ததிலிருந்து இவ்வளவு சமமான எதிரியையும் கண்டதில்லை.

பிறகு... டப்! நரம்பு தளர்ந்தது. ஹாஸ்கெட் மல்லாந்து, இரைக்கு வைத்திருந்த மத்திமீன் தொட்டிக்குள் விழுந்தார்.

அடுத்தவன் நரம்பை அறுப்பது அங்கே கொலைக்குச் சமம். அறுத்தவன் ஆயுசுக்கும் படகில் கால் வைக்க முடியாது.

தொட்டியிலிருந்து எழுந்தவர் முதலில் பார்த்தது ஆரின் ஸ்டேப்லியை. பல் டாக்டர். எல்லாப் பயணத்திலும் ஹாஸ்கெட்டோடு ஒரே அறையில் குறட்டை விடும் நண்பர். மூச்சிரைக்க, வியர்வை வழிய, இடுப்பில் கத்தியோடு நின்றிருந்தார்.

துப்பறிவாளர் மூளைக்கு வேறென்ன வேண்டும்? நட்பு அன்றே முறிந்தது. அதன்பிறகு வேறு டாக்டரிடம் போக மனமில்லாமல் ஹாஸ்கெட் ஒரு பக்கமாகவே மென்று தின்கிறார்.

மறுநாள் காலை. எஸ்ட்ரெலாவின் சமையலறை மேஜை. ஒரு பக்கம் ஹாஸ்கெட், எதிரே ஸ்டேப்லி, நடுவில் கேப்டன். ஜன்னலுக்கு வெளியே பயணிகள் காபியோடு குவிந்திருந்தார்கள்.

ஹாஸ்கெட் உறையை மேஜைமேல் வைத்தார். பொறாமை, வாய்ப்பு, ஆயுதம் என்று நீதிமன்றக் குரலில் அடுக்கினார். கடைசியில் விரலை நீட்டினார்.

"என் வாழ்நாள் மீனைக் கொன்னது நீதான்யா."

ஸ்டேப்லி மெல்லச் சட்டைப் பைக்குள் கைவிட்டார்...

வெளியே எடுத்தது இன்னொரு பிளாஸ்டிக் உறை!

உள்ளே ஒரு முழம் நரம்பு. நுனி நேர்க்கோடாக, சுத்தமாக.

"உன்கிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான் இந்த உறையெல்லாம்" என்றார் ஸ்டேப்லி. "அன்னிக்கு எனக்கும் பெரிய மீன் மாட்டிச்சு. படகோட அந்தப் பக்கம் நான் செத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு எவனோ அறுத்துட்டான். அது யாருன்னு கேக்கத்தான் உன் பக்கம் ஓடி வந்தேன். நீ தொட்டியில படுத்துக்கிட்டு என்னைக் கொலைகாரன்னு கத்தினே."

ஹாஸ்கெட் இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஒரே நேரம். ஒரே படகு. இரண்டு ராட்சத மீன்கள். இரண்டு வெட்டுகள்.

"அப்போ அறுத்தவன் மூணாவது ஆள்" என்றார் ஹாஸ்கெட் கரகரப்பாக.

"நான்தான் சார்" என்றார் கேப்டன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு காபிக் கோப்பை விழுந்து உடைந்தது.

"மீனை மாட்டித் தூக்கற கொக்கிக் கம்பு நுனியில கத்தியைக் கட்டி, படகோட பின்பக்கம் குப்புறப் படுத்து அறுத்தேன். உங்க ரெண்டு பேர் நரம்பும் படகுக்கு அடியில சிக்கிக்கிச்சு. வலது பக்கம் நீங்க இழுத்தீங்க, இடது பக்கம் டாக்டர் இழுத்தார். நடுவுல கேபின் மறைச்சுது. மீனே இல்ல சார்."

ஹாஸ்கெட்டின் முகம் ஐஸ் பெட்டியில் கிடந்த மீனின் முகமாயிற்று. அந்த அறிவுள்ள மீன் எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இதை ஏன்யா அப்பவே சொல்லல?"

"அறுக்கறதுக்கு முன்னால சொல்லத்தான் ஓடி வந்தேன். நீங்க முட்டி போட்டு, 'கடவுளே, இந்த ஒண்ணை மட்டும் குடு, இனி உன்னை எதுவும் கேக்கமாட்டேன்'னு அழுதுக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பக்கம் போனா, டாக்டரும் கடவுள்கிட்ட அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தார். எனக்கு மனசு வரல. இன்னிக்கு ஒரு நண்பரைப் படகைவிட்டே விரட்டப் பாக்கறீங்க. இனிமே வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது."

ஹாஸ்கெட் தன் உறையைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். எதிரே பார்க்கத் தைரியம் வரவில்லை. ஸ்டேப்லியே கையை நீட்டினார்.

"சும்மா சொல்லக்கூடாது. நல்லாத்தான் இழுத்தே."

"நீயும்தான்யா" என்றார் ஹாஸ்கெட், அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்து. இந்த முறை நடுவில் கேபின் இல்லை.

ஆனாலும் துப்பறிவாளருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"கேப்டன், கத்தியைக் கட்டின அந்தக் கம்புலயே கொக்கி இருந்துச்சே. பேசாம எங்கள்ல ஒருத்தரைச் சட்டையில மாட்டி கேபினுக்கு மேல தூக்கி, சிக்கலைக் காட்டியிருக்கலாமே?"

"ரெண்டு பேரையும் நல்லாப் பாத்துட்டுதான் முடிவு பண்ணேன் சார்" என்றார் கேப்டன், எஞ்சினைக் கிளப்பப் படியேறிக்கொண்டே. "அளவு பத்தாத மீனைத் திரும்ப விட்டுடணும்னு சட்டம்."