அருவியில் முதலில் இறங்கியவன்!

"ஏய், என் சாக்ஸ் எங்கே?"

பல் டாக்டர் தன் மனைவியிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி அதுதான்.

"ரெண்டும் உங்க கால்லதான் இருக்கு" என்றாள் தையல்காரி, மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

குனிந்து பார்த்தார். இருந்தது. அசடு வழியச் சிரித்துவிட்டு, அவள் தைத்துக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

ஓடத்தான் வேண்டும். விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மழை விட்டால் அந்தக் காட்டாறு நான்கு மணி நேரம்தான் ஓடும். அதற்கப்புறம் வெறும் பாறை! அதற்குள் கயாக் படகை இறக்கினால்தான் உண்டு.

பிற்பகல் மூன்றே கால்.

டெலிபோன் அலறியது!

"அண்ணி... நான் நண்டு பேசறேன்... டாக்டர்... டாக்டர்..."

மறுமுனையில் அழுகைதான் கேட்டது.

நண்டு, லிஃப்ட் மெக்கானிக். டாக்டரின் பத்து வருடப் படகுக் கூட்டாளி. படகை எப்போதும் பக்கவாட்டிலேயே ஓட்டுவதால் அந்தப் பேர்.

டாக்டரின் உடல் அருவிக்குக் கீழே கிடைத்தது. சாக்ஸ் இரண்டும் காலிலேயே இருந்தன.

மூன்று நாள் கழித்து...

தையல் கடை. பாதி தைத்த பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே, அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நண்டு. மேஜை மேல் டாக்டரின் சாமான்கள் அடங்கிய அட்டைப் பெட்டி.

"ஒரு கையெழுத்து போடுங்கம்மா. விபத்துன்னு ஃபைலை மூடிடறேன். இவர் வாக்குமூலம் கொடுத்துட்டார்."

"என் காதால ஒரு தடவை கேட்கணும் மேடம். அப்புறம் போடறேன்."

நண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"டாக்டர் முதல்ல போனார் அண்ணி. நான் கரையில கயிறோட நின்னேன். முதல் ஆள் இறங்கினா ரெண்டாவது ஆள் கயிறு பிடிக்கணும், அதான் எங்க வழக்கம். அருவிக்கு மேலேயே படகு பாறையில சிக்கிடுச்சு. 'கயிறு'ன்னு கத்தினார். மூணு தடவை வீசினேன்! சரசரன்னு பாம்பு மாதிரி பையை விட்டுப் போச்சு... அவரால பிடிக்க முடியல!"

மூக்கை உறிஞ்சினான்.

தையல்காரி பெட்டியிலிருந்து அந்தக் கயிற்றுப் பையை எடுத்தாள். கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசினால், வாய் வழியாகக் கயிறு உருவிக்கொண்டு போகவேண்டும். அன்று காலை வாய் கிழிந்திருக்கிறது என்று டாக்டர் கொண்டுவந்த பை. "சீக்கிரம்மா, தண்ணி இறங்கிடும்!" என்று அவர் முதுகுக்குப் பின்னால் குதித்துக்கொண்டிருக்க, அவள் அவசர அவசரமாகத் தைத்த பை.

வாய்க்குள் விரலை விட்டாள்.

போகவில்லை.

திருப்பிப் பார்த்தாள். முன் பக்கமும் பின் பக்கமும் சேர்ந்து... ஒரே தையல்!

பதினெட்டு வருடம் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவள், பையோடு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

"மேடம்... என்னைக் கைது பண்ணுங்க."

"எதுக்கும்மா?"

"வாயைச் சேர்த்துத் தைச்சுட்டேன்!"

"யார் வாயை?"

"பை வாயை! கயிறு வெளியே வந்திருக்காது... அவர் கத்தியிருப்பார்... நான்தான் கொன்னுட்டேன்!"

இன்ஸ்பெக்டர் பையை வாங்கினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை இழுத்தார். பலம் கொண்ட மட்டும் இழுத்தார். ஸ்டூல்தான் நகர்ந்தது.

பையை அவளிடமே கொடுத்துவிட்டு, மெதுவாக நண்டு பக்கம் திரும்பினார்.

"ஏன் சார்... பாம்பு எந்தப் பொந்து வழியா வெளியே வந்துச்சு?"

நண்டுக்கு வியர்த்தது.

"அது... அதுக்கப்புறம் யாராவது தைச்சிருக்கலாம் மேடம்!"

"யாரு? ஆத்தங்கரையில மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தாங்களா?"

"என் மேல ஏன் பாயறீங்க? அண்ணியே ஒத்துக்கிட்டாங்களே! நான் வீசியிருந்தாலும் கயிறு வந்திருக்காது!"



"வீசியிருந்தாலும்...?" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்ப வீசவே இல்ல."

நண்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். "பயந்துட்டேன் மேடம்! கை கால் ஓடல. சிலையா நின்னுட்டேன். பயப்படறது குத்தமா?"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "இல்லை. பொய் சொன்னதுக்கு வேணா ரெண்டு திட்டு திட்டலாம். என்னம்மா செய்யறது?"

தையல்காரி நண்டையே பார்த்தாள். இவனா பயந்தவன்? ஏழு மாடி லிஃப்ட் கம்பியில் தொங்கிக்கொண்டே டீ குடிக்கிறவன்!

ஒரு விஷயம் சுருக்கென்று தைத்தது. அந்த அருவியில் அதுவரை ஒருவரும் இறங்கியதில்லை. முதலில் இறங்குகிறவர்தான் அதற்குப் பேர் வைக்கலாம். படகுக்காரர்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. இரண்டு பேரும் ஆறு வருடமாக அதற்கேற்ற மழைக்காகக் காத்திருந்தார்கள். "வாய் ஓயாம கொட்டுது, உங்கம்மா பேரையே வெச்சுடறேன்" என்று டாக்டர் அவளிடம் சொல்லி, இரண்டு நாள் சாப்பாடு கிடைக்காமல் அலைந்திருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போகட்டும் மேடம். உயிர் போனாலும் அருவியில முதல்ல இறங்கினது எங்க வீட்டுக்காரர்தான். எங்கம்மா பேரையே வெச்சுடறோம்."

"என்ன அண்ணி பேசறீங்க?" நண்டு துள்ளி எழுந்தான். "தலைகீழா விழுந்தா கணக்குல வராது!"

"அப்ப வேற யாரு இறங்கினா?"

"நான்! நேரா, சுத்தமா, ஒரு சொட்டுத் தண்ணி மூக்குல ஏறாம!"

"சும்மா சொல்லாதே. யாரு நம்புவா?"

"நம்ப மாட்டீங்களா? ஹெல்மெட் கேமராவுல இருக்கு! இதோ!"

சட்டைப் பையிலிருந்து கேமராவை எடுத்து மேஜை மேல் வைத்தான். வைத்த பிறகுதான் வாயைப் பிளந்தான்.

மூன்று நாளாக அழிக்க மனசு வரவில்லை. அழித்தால் சாட்சி போய்விடுமே!

இன்ஸ்பெக்டர் பட்டனை அழுத்தினார்.

சின்னத் திரையில் நுரைத்த வெள்ளம். பாறையிடுக்கில் குறுக்கே மாட்டிய படகு. டாக்டரின் குரல். "நண்டு! கயிறு!"

தையல்காரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். கேமரா கரையில் இல்லை... ஆற்றில் இருந்தது! அவரை நோக்கி வந்தது. அருகே... இன்னும் அருகே... கயிறே வேண்டாம். துடுப்பை நீட்டினால் போதும்!

துடுப்பு நீண்டது.

டாக்டர் கை நீட்டினார்.

"வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறீங்களே டாக்டர்!" என்றது நண்டின் குரல்.

துடுப்பு படகைத் தள்ளியது!

அப்புறம் வானம், நுரை, விசில், "நான்தான் ஃபர்ஸ்ட்!" என்ற கூச்சல்.

தையல்காரி பையைக் கீழே வைத்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக வாய் விட்டு அழுதாள்.

"உங்க தையல் ஒண்ணும் செய்யலம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியை மாட்டிக்கொண்டே. "நல்லா அழுங்க."

விலங்கு 'க்ளிக்' என்றது. நண்டு வாசல் வரை போய்த் திரும்பினான்.

"மேடம்... வீடியோவைக் கோர்ட்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுவீங்கல்ல?"

"ரெண்டு தடவை காட்டறோம். நடங்க!"

அந்த அருவிக்கு இன்றுவரை பேர் இல்லை. மழை பெய்தால் விழுகிறது, விட்டால் நிற்கிறது.

நண்டுக்கு மட்டும் ஜெயிலில் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள்!