சத்தமில்லாத அறையில் பச்சை விளக்கு

அக்கா வேலை பார்க்கும் காது மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். கையில், மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பும் சால்டரிங் பெட்டியும். பின்னால் என் எட்டு வயது மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். ஒன்றரை மாதத்துக்கு முன் மூளைக்கு ஏறிய காய்ச்சல், இறங்கும்போது இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். உள்காதில் கருவி வைத்தால் கேட்கும். தள்ளிப்போட்டால் உள்காது எலும்பாக இறுகிவிடும், பிறகு கருவி நுழையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன் கடைசியாக ஒரு செவிச் சோதனை. வில்லங்கம் அதில்தான் வந்தது.

"உன் பொண்ணு எல்லா டோனுக்கும் பட்டனை அழுத்தறாடா," என்று முந்தின நாள் சோதனை முடிந்ததுமே போனில் சொல்லியிருந்தாள் அக்கா. சோதனை செய்பவள் அவள்தான். "எனக்கே கேக்காத டோனுக்கும் அழுத்தறா. ஆனா பின்னாடி நின்னு கைதட்டினா திரும்பல. மெஷின்தான் பொய் சொல்லுது. பிரிச்சுப் பாரு."

அந்தச் சோதனையின்போது கூட இருந்த என் மனைவி, பிரிக்கவே கூடாது என்று காலையில் சண்டை பிடித்திருந்தாள். மகளுக்குக் காது திரும்பிவிட்டதாம், அதைக் கெடுக்கப் பிறந்தவன் நானாம்.

சோதனை அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவரெல்லாம் கறுத்த ஸ்பாஞ்சு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் செத்துவிடும், நம் ரத்தம் ஓடுவது நமக்கே கேட்கும். பழைய ரப்பரும் காயாத துணியும் கலந்த வாடை. உள்ளே இருப்பவர் ஹெட்போனில் 'பீப்' என்று டோன் கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும், வெளியே மெஷினில் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் சோதனை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் தொழிலில் அதற்கு லீக்கேஜ் என்று பெயர். டோனை இந்தக் காதுக்கோ அந்தக் காதுக்கோ அனுப்புவதும் நிறுத்துவதும் ஒரு சின்ன அனலாக் சுவிட்ச் ஐ.சி. வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி, மூடிய பிறகும் அது கொஞ்சம் கசியும். ஸ்கோப்பை வைத்தேன். கசிவு இருந்தது. சுவிட்ச் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கூர்முனையும் எழுந்தது. ஹெட்போனில் அது 'டிக்' என்று உதைக்கும். காது கேட்காத பிள்ளைக்குக்கூட அந்த உதை கன்னத்தில் தெரியும். என் மகள் அதற்குத்தான் அழுத்துகிறாள்.

கண்டுபிடித்த சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இதைச் சரிசெய்தால் என் மகளுக்குக் கேட்காது என்பது உறுதியாகிவிடும். இவ்வளவு துக்கத்தோடு நான் சால்டர் பிடித்ததே இல்லை.

பின்களுக்கு நடுவே படிந்திருந்த பழைய அழுக்கை ஸ்பிரிட்டால் தேய்த்துக் கழுவினேன். அந்தரத்தில் விட்டிருந்த பின்களைக் கிரவுண்டில் கட்டினேன். இரைச்சலுக்குக் காரணமான வற்றிப்போன கப்பாசிட்டரை மாற்றினேன். கசிகிற மிச்சத்தைக் கிரவுண்டுக்கு இழுக்க இன்னொரு சுவிட்சைச் சேர்த்தேன். ஸ்கோப்பில் கோடு நேராகப் படுத்தது. டிக் போய்விட்டது.

மகளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். அக்கா ஒரு டோன் அனுப்பினாள்.

பச்சை.

குறைத்து அனுப்பினாள்.

பச்சை.

எதுவும் அனுப்பாமல் காத்திருந்தாள். விளக்கு எரியவில்லை.

"நிஜமாவே கேக்குதோ என்னவோடா," என்றாள் அக்கா. எனக்கும் ஆசை வந்தது. மனைவிக்கு உடனே போன் போட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. ஹெட்போன் வயரை மெஷினிலிருந்து உருவினேன். இனி உள்ளே எந்தச் சத்தமும் போக வழியில்லை.

"இப்ப அனுப்பு."

அனுப்பினாள்.

பச்சை.

கண்ணாடி வழியே பார்த்தேன். மகளின் கட்டைவிரல், நகம் வெளுக்கும் அளவுக்குப் பட்டனில் அழுந்தியிருந்தது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். வெளியே சுட்டெரிக்கும் வெயில், அந்த அறையில் என் கை மயிர் குத்திட்டு நின்றது. சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: கேட்குதா?

"கேக்கலப்பா." தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தித்தான் பேசினாள்.

பிறகு ஏன் அழுத்துகிறாய் என்று எழுதினேன்.

"நான் அழுத்தல. அவங்கதான் என் விரலைப் புடிச்சு அழுத்தறாங்க."

யார்?

"தெரியல. கை சில்லுனு இருக்கும்."

ஏன் முன்பே சொல்லவில்லை?

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பச்சை எரிஞ்சப்போ அம்மா சிரிச்சாங்கல்ல. எத்தனை நாளாச்சு."

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். அக்கா அந்த அறையைப் பூட்டினாள். முதல் அறிக்கை செல்லாது, கேட்கும் திறன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் டாக்டர் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நானே பாத்துடறேன்," என்று எழுந்தார். மகளுக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி நின்று, ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு, அவள் பெயரைக் கிசுகிசுத்தார்.

அவள் திரும்பினாள்.

மனைவி என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். "கேட்டுச்சுங்க. புள்ளைக்குக் கேட்டுச்சு."

"டாக்டர், அவளுக்குக் கேக்கல," என்றேன்.

"கேக்குதுன்னு அடம் பிடிக்கிற அப்பாக்களைத்தான் பாத்திருக்கேன். நீங்க என்ன சார் இப்படி?" சிரித்தபடி, ஆபரேஷனுக்குக் குறித்திருந்த வெள்ளிக்கிழமைத் தேதியைப் பேனாவால் அடித்துவிட்டார். அடுத்த ஆளை வரச் சொல்லி மணியை அழுத்தினார்.

எங்கள் முகங்களிலிருந்தே விஷயம் புரிந்த மகள், 'இல்லை' என்று தலையாட்டப் பார்த்தாள். தலை அசையவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தாள், அதுவும் முடியவில்லை. அவள் தாடையின் இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குச் சதை குழிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழிகள் இன்னும் கொஞ்சம் ஆழமாயின.